எஸ்ஸீனர் என்னும் யூத நோன்பியர்

ஒரு கூட்டத்தாரின் சமய ஒழுக்கத்தை அறிதற்கு வாயில் இரண்டு. புறத்தே நின்று கண்டார் கூறுவது ஒன்று. அவர் தமக்கென்று தாமே எழுதிவைத்த நூல் மற்றொன்று. புறத்தார் செயலைக் காண்பர்; அச்செயலின் கருத்தையோ தம் கல்வியும் தம் நாட்டு வழக்கும் கொண்டு ஊகித்து உரைப்பர். அதனாற் செயல் உள்ளவாறே சொல்லப்பட்டும் கருத்துப் பிழைபடுதல் உண்டு. இதற்குப் பழைய யூத நாட்டு எஸ்ஸீனர் வரலாற்றினும் தெளிவான எடுத்துக்காட்டு யாம் அறிந்த அளவில் வேறில்லை.

நம்மவருள்ளும் இவரைப் பற்றி ஆர்வத்தோடு பேசுவார் உளர். சில ஆண்டுகட்கு முன் ஓரவையில் முதியவர் ஒருவர், எஸ்ஸீனர் புலால் மறுத்தவர், ஞாயிற்றை வணங்கியவர், மணம் துறந்தவர், ஆகலின் அவர் கீழ்நாட்டுத் துறவோர் வழியினரே என்று எடுத்துரைத்தார். அவையினர் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். இல்லம் புகுந்து நூல்களைப் புரட்டிய பின்னர் அம்மகிழ்ச்சி நில்லாதாயிற்று. அவர் கூறிய மூன்றனுள் முதலாவது சான்றில்லாதது. இரண்டாவது பிழைபட உணரப்பட்டது. மூன்றாவது பாதியளவே உண்மை. இவற்றைக் காட்டி, அவர் நோன்பின் உட்கருத்து யாதென ஆராய்தலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் யூதர் நெறியைப் பற்றி ஒன்று அறிதல் வேண்டும். அவர்தம் நெறிநூல் விதிப்படி வேள்விக்குரிய கோயில் ஒன்றே. அது யெருசலேம் நகரில் இருந்தது. ஆரோன் மரபிற் பிறந்தாரே அங்குக் குருத்தொழிற்கு உரியர். அவர் பணி புகுமுன் நீரால் தூய்மை செய்துகொள்வர், சணலாடை உடுப்பர், பலியிற் பெற்ற பங்கைத் தூய இடத்திலிருந்து தூயராய் உண்பர். மனைவியைக் கூடினான் மாலைவரையும், பிணந்தொட்டான் ஏழு நாளும் தூய்மையிலன் எனப்படுவான். அந்நிலையிற் கோயிற்பொருளை அவன் தீண்டலாகாது. ஏனை மக்கள் கோயிலுக்குச் செல்லுங்காலத்தே இவ்விதிகளைப் பெரிதும் பேணினர். இச்செய்தியை உளத்திற்கொள்க; பின்னர் வேண்டப்படும்.

எஸ்ஸீனரைப் பற்றிப் பேசிய பழையோர் மூவர். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த பைலோ என்னும் யூத மெய்ந்நூலறிஞர் ஒருவர், கி.பி. 37இற் பிறந்து உரோமர்க்கு எதிரான போரில் படைத்தலைமை தாங்கிப் பின் உரோமரோடு சேர்ந்து வரலாறு எழுதிய ஜோசிபஸ் ஒருவர், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைப் பெருக்கில் மாண்ட உரோமர் பிளினி ஒருவர். பிளினி சொன்னது சிறிதே: சாக்கடலின் மேல்கரையில் பெண்டிரும் பொருளுமின்றி ஈச்சமரங்களே துணையாக ஒரு கூட்டத்தார் வாழ்கின்றனர், அவர்க்கு மகப்பேறில்லை, ஆயினும் வாழ்க்கையில் இளைத்து வருவோரால் அக்குடி அழியாது பெருகுகின்றது. மகப்பேறில்லாத குடி அழியாமை அவர்க்கு வியப்பாயிற்று. துறவோர் திருமடங்களை வழிவழி அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

பைலோவும் ஜோசிபஸும் அவர் தொகை நாலாயிரத்துக்கு மேல் என்ப. அவர்க்கு அடிமைகள் இல்லை. போர்க்கருவி செய்தல் இல்லை, வாணிகம் இல்லை. ஈட்டிய பொருள் அனைத்தும் பொதுவிற் சேர்க்கப்படும். ஆடையும் பொது, உணவும் பொது. பிணியாளரைப் பொதுப்பொருள் கொண்டு பேணுவர். முதியோரைப் பெற்றோர்போற் காப்பர். ஓய்வுநாளில் மூப்புமுறையே வரிசையாக அமர, ஒருவர் நெறிநூலைப் படிப்பார். கற்றுவல்லார் ஒருவர் பொருள் விரிப்பார். படிப்பாரும் உரைப்பாரும் வேறுவேறாக வைத்த முறை கருதத்தக்கது.

ஜோசிபஸ் அவர்தம் ஒரு நாட்பொழுதையே நம் கண்முன் நிறுத்துகின்றார். ஞாயிறு எழுமுன் உலகியற்சொல் ஒன்றும் பேசார். அதனை எழுகவென்று இரப்பார்போல அத்திசை நோக்கி முன்னோர் வழிவந்த வழுத்துரைகளைக் கூறுவர். பின்னர் மேற்பார்ப்போர் விடுக்க, அவரவர் கைத்தொழிலை ஐந்தாம் ஓரைவரையும் செய்வர். அதன்மேல் ஓரிடத்திற் கூடி, இடையிற் சணலாடை சுற்றித் தண்ணீரிற் குளிப்பர். குளித்தபின் தம்மவர் அல்லாதார் புகலாகாத உண்கூடத்திற்குத் திருக்கோயிலுட் புகுவார்போலப் புகுவர். அடுவோன் அப்பத்தை வரிசையாக வைப்பான். ஒருவர்க்கு ஒரு கலத்தில் ஒருவகை உணவே. குரு வழுத்துமுன் ஒருவரும் வாய்வையார். உண்டபின்னும் அவர் வழுத்துவார். உடனே அவ்வாடையைத் திருவாடையெனக் களைந்துவைத்து மீண்டும் மாலைவரை தொழிலுக்குச் செல்வர். உண்கூடத்தில் ஆரவாரம் இல்லை; ஒருவர் பேச்சு முடிந்த பின்னரே மற்றொருவர் பேசுவர். அவ்வமைதி புறத்தே நிற்பார்க்கு அஞ்சத்தக்கதொரு மறைபொருள்போலத் தோன்றும் என்கின்றார்.

இத்துணையும் செயல். இனிக் கருத்தென்று அவர் கூறுவன நோக்குக. மணம் செய்யாமைக்குக் காரணம் பெண்டிர் ஒருவன்மாட்டே அன்பு நில்லாமையாம். எண்ணெய் பூசாமைக்கு அவர் காட்டுவது, மேனி வறண்டிருத்தலை அவர் நன்றென மதித்தலாம். உயிர் உடற்சிறையினின்றும் நீங்கி மேலெழும் என்னும் அவர் கொள்கை கிரேக்கர் கொள்கையை ஒத்ததாம். வேறோரிடத்து, கிரேக்கருள் பிதாகோரஸ் வழியினர் வாழ்க்கையே இவர் வாழ்க்கை என்பர். கிரேக்க மொழியில் எழுதிக் கிரேக்கமும் உரோமமும் பயின்றார் மதிக்கவேண்டும் என்று விழைந்த ஒருவர் இங்ஙனம் கூறுதல் இயல்பே. தம் வரலாற்றில், தாம் பதினாறாம் ஆண்டில் யூதர்தம் மூன்று நெறிகளையும் பயின்றதாகவும், பின்னர்ப் பாலைநிலத்துத் தவசி ஒருவரோடு மூவாண்டு உறைந்ததாகவும், பத்தொன்பதாம் ஆண்டில் நகர்க்கு மீண்டதாகவும் எழுதுகின்றார். எஸ்ஸீனர் உட்புகுவாரைச் சோதிக்கும் காலமே மூவாண்டு என்று சொன்னவரும் அவரே. கணக்கு ஒவ்வவில்லை. ஆகலின் அவர் வாயிற்கண் நின்று கண்டவரேயன்றி அகத்தமர்ந்து உண்டவர் அல்லர் என்பது பெறப்படும்.

இனி அகச்சான்று. 1947ஆம் ஆண்டளவில் சாக்கடலின் வடமேற்கே கும்ரான் என்னுமிடத்துக் குன்றின் முழையொன்றிலே தாமிரே என்னும் இடையர்குடி இளைஞர் மண்சாடிகளைக் கண்டனர். அவற்றுள் எழுத்துடைய தோற்சுருள்கள் இருந்தன. 1956 வரையிற் பதினொரு முழைகளினின்று தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளின் பகுதிகள் கிடைத்தன. பெரும்பாலன எபிரேய மொழியின, சில அரமேயம், மிகச் சில கிரேக்கம். முழுச் சுருள்கள் சிலவே, ஏனையவெல்லாம் துணுக்குகள். அவற்றை இணைத்துப் படித்தற்கு அறிஞர்க்கு அரை நூற்றாண்டு வேண்டியதாயிற்று. செல்லரித்த ஏட்டிலே ஓரெழுத்துக்கு ஒருநாள் செலவிட்டார்க்கே அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

முழைகளின் அருகே இடிந்த கட்டடம் ஒன்று உண்டு. ரோலான் த வோ என்னும் பிரெஞ்சு நாட்டுத் துறவியார் 1951 முதல் 1956 வரை அதனை அகழ்ந்தார். கடன்மட்டத்திற்கு நானூறு மீட்டரளவு கீழே கிடக்கும் கடலின் கரை அது, மழை அரிது. அவ்விடத்தே மலையோடையின் வெள்ளத்தைக் கால்வாயால் ஈர்த்துப் படிகளோடு கூடிய பத்தளவான குளிப்புத் தொட்டிகளை நிரப்பியிருந்தனர். 22 மீட்டர் நீளமுள்ள கூடமும், அதனை அடுத்த அறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உண்கலங்களும் வெளிப்பட்டன. மைக்கூடுகளும் கிடைத்தன. முழைகளில் இருந்த சாடிகளின் வடிவே இங்கும் காணப்பட்டது. இவர் எஸ்ஸீனர் அல்லர் என்பாரும், சுவடிகள் யெருசலேமினின்று மறைத்துவைக்கப்பட்டன என்பாரும் உளர். சுவடிகளுள் எஸ்ஸீனர் என்னும் பெயர் இல்லை என்பது உண்மையே. ஒரு குழுவினர்க்குப் பிறர் இட்ட பெயர் அவர் நூலில் வாராமை பிழையன்று. அவர் தம்மை ஒருமைக்கூட்டம் என்னும் பொருள்பட யாகத் என்றும், ஒளியின் மக்கள் என்றும், சாதோக்கின் மக்கள் என்றும் கூறிக்கொள்வர். ஜோசிபஸ் கூறும் சிறுசிறு வழக்குகளும் அவர் நூலில் அப்படியே காணப்படுதலின், இருவரும் ஒருவரே எனக் கொள்வார் கூற்றே வலியுடைத்து.

அவ்வொற்றுமைக்கு ஒன்று காட்டுதும். அவையின் நடுவே உமிழார் என்றார் ஜோசிபஸ். முதல் முழையிற் கிடைத்த ஒழுங்குநூலோ, அவை நடுவே உமிழ்ந்தானுக்கு முப்பது நாள் ஒறுப்பு என விதிக்கின்றது. கொள்கைகள் பலர்க்குப் பொதுவாகலாம். இத்தகைய நுண்ணிய விதி ஒத்தல் தற்செயலன்று.

இனி அவர் ஊரைவிட்டுப் பாலைக்கு வந்தது ஏன்? உலகப் பற்றொழித்தற்கு என்று பைலோவைப் படித்தார் கூறுவர். அவர் நூல்கள் அங்ஙனம் கூறவில்லை. கோயில் மாசுபட்டது என்று அவை முறையிடுகின்றன. தீயகுரு ஒருவன் தம் நீதியாசிரியரை நலிந்தான் என்றும், விழாக்கள் உரிய நாளில் நடைபெறவில்லை என்றும் அவர் வருந்துகின்றனர். இவற்றுள் நாட்கணக்கே பெரிய வழக்கு. ஏனை யூதர் திங்களின் வளர்தேய்வு கொண்டு 354 நாளை ஓராண்டாக்கி, குறையை நிரப்ப இடையிடையே ஒரு திங்களைக் கூட்டினர். இவர் கணக்கோ 364 நாள்; அதாவது 52 கிழமை. காலாண்டு நான்கும் தனித்தனி 91 நாள் உடையன. ஒவ்வொன்றும் புதனிலேயே தொடங்கும், படைப்பின் நான்காம் நாளில் ஞாயிறும் திங்களும் தோன்றின என்பது அவர் மறையாகலின். இதன் பயன், எந்த விழாவும் ஆண்டுதோறும் ஒரே கிழமையில் வரும், ஓய்வுநாளோடு மோதாது. பஞ்சாங்க வேற்றுமையால் ஒரே ஊரில் ஒரே விழாவை இருவேறு நாளிற் கொண்டாடும் இடர்ப்பாட்டை யாமும் கண்டிருக்கின்றோம். அவர்க்கு அஃது இடர்ப்பாட்டளவில் நில்லாது பிளவே ஆயிற்று. பாவக்கழுவாய் நாளன்று நீதியாசிரியர் தம் கணக்குப்படி நோன்பிருக்கையில் தீயகுரு அவர் ஒதுங்கியிருந்த இடத்திற்கே வந்து அலைத்தான் என்று அபகூக்கு என்னும் மறைநூலுக்கு அவர் எழுதிய உரை கூறுகின்றது. அந்நாளில் தலைமைக் குரு கோயிலை விட்டு நீங்குதல் இயலாது. ஆகவே அஃது அவனுக்குக் கழுவாய்நாள் அன்று என்பது வெளிப்படை.

கோயிலை நீங்கினார், வேள்வி இல்லை, கழுவாய் எங்ஙனம் பெறுவது? ஒழுங்குநூலின் நடுநாயகமான விடை இவ்விடத்தே உள்ளது. கூடிவாழும் தாமே தூய இல்லம் என்றும், தம்முள் ஆரோன் மரபினர் கூடியதே மிகத்தூய உள்ளிடம் என்றும், விலங்கின் ஊனும் கொழுப்பும் இன்றியே நாட்டின் பாவத்திற்குத் தாம் கழுவாயாவர் என்றும், வாயின் வழுத்துரையும் நேரிய ஒழுக்கமுமே நறும்புகையாம் என்றும் அது கூறுகின்றது. கல்லாலாய கோயில் தவறிய இடத்து மக்களாலாய கோயிலை அமைத்தல் அவர் துணிபு. துணிபு இஃதாயின், அக்கோயிலுள் இருப்பார்க்கு வெளியென ஓரிடம் இல்லை. பணிநாள், ஓய்ந்தநாள் என்னும் வேறுபாடும் இல்லை. யெருசலேமிற் குருமார் பணிமுறையிற் கொண்ட தூய்மையை இவர் வாழ்நாள் முழுதும் கொள்ளவேண்டியவராயினர். இந்த ஒரு திறவுகோல் கொண்டு ஜோசிபஸ் கூறிய செயல்களை மீண்டும் நோக்குவோம்.

உண்ணுமுன் குளித்தலும், சணலாடை உடுத்தலும், உண்கூடத்தைக் கோயிலென மதித்தலும், குரு வழுத்துமுன் உண்ணாமையும் கோயிற் குருமார் பலியுணவு உண்ணும் முறையே. எண்ணெய் விலக்கியதன் காரணமும் இதனால் விளங்கும். தமஸ்கு நூல் என ஒன்று உளது. கெய்ரோ நகரத்து யூதர் தொழுகைக்கூடச் சுவடிக்குவையினின்று சாலமன் ஷெக்தர் எடுத்து 1910இல் அச்சிட்டார். அதன் பழம்படிகள் பின்னர்க் கும்ரானிலும் கிடைத்தன. அந்நூல், எண்ணெய்க்கறை படிந்த மரமும் கல்லும் மண்ணும் தீட்டை ஏற்றுக் கடத்தும் என்று விதிக்கின்றது. எனவே எண்ணெய் விடுத்தது மேனி மினுக்கை வெறுத்ததனால் அன்று. ஈரம் வழியாகத் தீட்டுத் தொடருமென்னும் அச்சத்தால்.

மற்றொன்று, கூறுதற்குக் கூச்சந்தருவது, ஆயினும் விடற்பாலதன்று. புதிதாய்ச் சேர்வானுக்குச் சிறு கோடரி ஒன்று, இடைத்துணி, வெள்ளாடை ஆகிய மூன்றும் தரப்படும் என்றும், அக்கோடரியாற் குழிதோண்டி மலங்கழித்து மேலாடையால் மறைத்துப் பின் மண்ணிட்டு மூடுவர் என்றும், ஓய்வுநாளில் அதனையும் செய்யார் என்றும் ஜோசிபஸ் எழுதினார். படித்தார் பலர் நகைத்தனர். 1967இல் யிகாயேல் யாதின் கைப்பட்ட கோயிற்சுருள் எனப்படும் நீண்ட சுவடி இதற்கு உரையாயிற்று. கோயில் உள்ள நகரத்திற்கு வடமேற்கே மூவாயிர முழத்துக்கு அப்பாலே கழிப்பிடம் அமைக்க என்பது அதன் விதி. ஓய்வுநாளில் ஊருக்கு வெளியே ஆயிர முழத்துக்கு மேல் நடவற்க என்பது தமஸ்கு நூல் விதி. இரண்டையும் சேர்த்து நோக்கின், அந்நாளில் அவன் கழிப்பிடம் செல்லுதல் கூடாமை தானே பெறப்படும். நகைத்தற்கு இடமான ஒன்று நெறிநூலை எழுத்துத்தோறும் கொண்டொழுகியதன் விளைவாதலை யாதின் காட்டினார்.

மணம் துறந்ததும் இத்திறத்ததே. மனைவியைக் கூடினான் மூன்று நாள் வரையில் கோயில் நகருட் புகற்க என்கின்றது கோயிற்சுருள். அந்நகருள்ளே கூடுதல் ஒழிக என்கின்றது தமஸ்கு நூல். தம் கூட்டத்தையே கோயிலாகக் கொண்டான் இல்லறம் நடத்துமாறு எங்ஙனம்? பெண்டிரைப் பழித்து ஜோசிபஸ் கூறிய காரணம் அவரதேயாம் என்று கருதுகின்றேன். ஒழுங்குநூல் மணத்தை விதிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. தமஸ்கு நூலோ மனைவி மக்களோடு ஊர்களில் வாழ்ந்து, திங்கள்தோறும் இரண்டுநாட் கூலியை ஏழையர்க்கும் ஆதரவற்றார்க்கும் பொதுவில் தருவாரைப் பேசுகின்றது. மணஞ்செய்யும் எஸ்ஸீனரும் உண்டென ஜோசிபஸும் இறுதியிற் சொல்லியிருக்கின்றார். முதியவர் கூறியது பாதி உண்மை என்றது இதனால்.

புலால் மறுத்தல் பற்றி ஒரு சொல். பைலோவும் ஜோசிபஸும் அதனைக் கூறவில்லை. ஜோசிபஸ் கூறியதாகப் பின்வந்த ஜெரோம் எழுதியதே இவ்வெண்ணத்துக்கு ஒரு வித்து. இருபதாம் நூற்றாண்டில் எட்மண்ட் செக்கெலி என்பார் வெளியிட்ட எஸ்ஸீனர் நற்செய்தி என்னும் நூல் அதற்கு நீர்வார்த்தது. அதற்கு மூலமென்று சொல்லப்பட்ட சுவடியை ஒருவரும் கண்டிலர். ஆராய்ச்சியாளர் அதனை விலக்குவர். கும்ரானிலோ ஆடு மாடுகளின் எலும்புகள் கலங்களில் இட்டும் ஓட்டால் மூடியும் புதைக்கப்பட்டிருந்தன. தமஸ்கு நூல் மீனை உயிரோடு பிளந்து குருதி சிந்தியபின் உண்க என விதிக்கின்றது. நாம் உயர்வென மதிக்கும் ஓரறம் பிறர்மாட்டு இருத்தல்வேண்டும் என விழைந்து அதனை அவர்மேல் ஏற்றுதல் அவரையும் அறிந்ததாகாது, அவ்வறத்தையும் போற்றியதாகாது.

ஞாயிற்றை வணங்கினார் என்பதும் அற்றே. வான்சுடர்களை வணங்குதல் மோசேயின் நெறியில் விலக்கப்பட்ட பெருங்குற்றம். கும்ரானிற் கிடைத்த நாள்வழுத்துரைச் சுவடி, ஞாயிறு எழும்போதும் மாலையிலும் இஸ்ரயேலின் கடவுளையே வாழ்த்துகின்றது. ஞாயிறு காலங்காட்டும் கருவி. வழுத்தப்படுவோன் அதனைப் படைத்தவன்.

இத்துணை நீராடியும் அவர் நீரை மட்டும் நம்பினாரல்லர் என்பதே யான் அவர்மாட்டு மிகவும் மதிப்பது. தன் நெஞ்சின் கோட்டத்தை விடாதவன் ஆறும் கடலும் ஆடினும் தூயனாகான் என ஒழுங்குநூல் கண்டித்துரைக்கின்றது. தீமையினின்றும் திரும்பாதான் அந்நீரிற் புகுதலே கூடாது என்கின்றது. உட்புகுவானுக்கு வைத்த படிகள் இதன் பொருட்டே. முதற்கண் தலைவர் அவன் அறிவையும் செயலையும் ஆராய்வர். ஓராண்டு அவன் பொதுவுணவைத் தீண்டலாகாது. இரண்டாமாண்டில் அவன் பொருள் மேற்பார்ப்போனிடம் ஒப்புவிக்கப்படும். ஆயினும் பொதுவிற் கலவாது கணக்கிற் குறித்துவைக்கப்படும், அவன் நீங்க நேரின் உரிமை அழியாமைப் பொருட்டுப்போலும். பொதுப்பானகத்தை இரண்டாமாண்டு நிறையுமளவும் தீண்டான். உண்பதினும் பருகுவதற்கு ஓராண்டு மிகைவைத்தது, நீர்ப்பொருள் தீட்டை எளிதில் ஏற்கும் என்பதனால். அதன்பின்னரே பெயர் வரிசையில் எழுதப்படும், பொருள் கலக்கும்.

ஒறுப்புக்கள் எண்ணி விதிக்கப்பட்டன. பிறன் பேசுகையில் இடைப்புகுந்தானுக்குப் பத்துநாள். அவையில் உறங்கினானுக்கு முப்பதுநாள். பொருளற்று உரக்க நகைத்தானுக்கும் அதுவே. (நம் அவைகளில் இவ்விதி நடைபெறுமேல் எஞ்சுவார் எத்துணையர்!) தன் பொருளைப் பற்றி அறிந்தே பொய் சொன்னான் ஓராண்டு பொதுவுணவினின்று நீங்கி, அப்பத்திற் காற்பங்கும் இழப்பான். உடனுறைவானைப் பழிதூற்றினான் ஓராண்டு விலக்கப்படுவான். கூட்டத்தையே பழித்தான் மீளான். ஒருவன் குற்றத்தை அவையில் எடுத்துரைக்குமுன் அவனைச் சான்றோர் முன்னிலையில் இடித்துரைத்திருத்தல் வேண்டும். அதுவும் அன்றே செய்தல் வேண்டும், சினத்தை இரவு கடத்தலாகாது. பத்தின்மர் கூடிய இடத்தெல்லாம் குரு ஒருவர் இருத்தலும், நெறிநூலை இரவும் பகலும் ஆராய்வான் ஒருவன் மாறிமாறி அமைதலும், ஆண்டின் எல்லா இரவிலும் மூன்றிலொரு பங்கு விழித்துப் படித்தலும் விதி.

விலக்குண்டார் நிலை கொடிது. சூளுரை பற்றிநிற்றலிற் பிறர் தரும் உணவை அவர் உண்ணார். புல்லைத் தின்று உடல் மெலிந்து சாவர். சாங்கால் இரங்கி மீட்டுக்கொண்டதும் உண்டு என்கின்றார் ஜோசிபஸ். தூய்மையை இங்ஙனம் ஓம்பிய கூட்டம் தன் மதிற்கு வெளியே உள்ளாரை எங்ஙனம் நோக்கிற்று? ஒளியின் மக்களை நேசிக்க, இருளின் மக்களை வெறுக்க என்பது உட்புகுவானுக்கு முதற்பாடம். பைலோ பாராட்டிய அமைதியாளர் நூல்களுள்ளே நாற்பதாண்டுப் போர் ஒன்றை எதிர்நோக்கிய நூலும் உள்ளது. எக்காளம் ஊதுவோர் குருமார். பாசறைக்கும் கழிப்பிடத்துக்கும் இரண்டாயிர முழம். தூய வானவர் படையோடு உடனிற்பர் ஆகலின் பெண்டிரும் சிறாரும் பாசறையிற் புகார். போரும் அவர்க்குக் கோயிற்பணியாகவே தோன்றிற்று. தமக்குத் தீங்கு செய்தானுக்குத் தீங்கு செய்யேன், நன்மையே செய்வேன் என்னும் உறுதிமொழியும் ஒழுங்குநூலின் ஈற்றில் உண்டு. பழி வாங்குதல் இறைவனுக்குரியது என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணாது ஒன்றையே எடுத்துப் போற்றுவாரும் இகழ்வாரும் அவரை அறிந்தவர் அல்லர்.

அவர் கொள்கையில் ஆராய்ச்சிக்குரியது இன்னும் ஒன்று. சதுசேயர் ஊழே இல்லை என்ப; பரிசேயர் சில ஊழாலும் சில நம்மாலும் ஆகும் என்ப; எஸ்ஸீனர் அனைத்தும் ஊழே என்ப என்று ஜோசிபஸ் வகுத்தார். ஈண்டு ஊழ் என்றது வினைப்பயனை அன்று. உயிர்கள் தோன்றுமுன்னரே இறைவன் வகுத்த ஏற்பாட்டை. ஒழுங்குநூலும், அறிவின் கடவுள் எல்லாவற்றையும் முன்னரே அமைத்து, ஒளியாவி இருளாவி என இரண்டு வைத்து, மக்களை அவற்றின் பங்கில் நடத்துகின்றார் என்கின்றது. அங்ஙனமாயின், தாமே விரும்பி முன்வந்தோர் என்று அந்நூல் தம் கூட்டத்தாரைக் கூறுவது என்னை? விருப்பும் வகுக்கப்பட்டதாயின் ஓராண்டு ஈராண்டு சோதித்தல் எதற்கு? இருளின் பங்கிற் பிறந்தானை வெறுத்தற்கு அவன் செய்த குற்றம் யாது? ஒவ்வொருவனுள்ளும் இரண்டு ஆவியும் பொருகின்றன என்று ஓரிடத்துக் கூறி நூல் சிறிது நெகிழ்கின்றது. வினாவை முற்ற விடுக்கவில்லை. சித்தாந்த நூற்பயிற்சி உடையார் இவ்விடத்து நின்று நினையாது அப்பாற் செல்லார்.

கி.பி. 68இல் உரோமர் படை அப்பக்கம் வந்தது. கும்ரான் கட்டடம் எரிந்தது. சாம்பரிடையே உரோமர் அம்புமுனைகள் கிடைத்தன. இரண்டாண்டு கழித்து, 70இல், யெருசலேம் கோயிலும் தீக்கிரையாயிற்று. எஸ்ஸீனர் சிலரை உரோமர் வருத்தியும் முறித்தும் எரித்தும் தம் மறையைப் பழிக்கவும் விலக்கிய உணவை உண்ணவும் ஏவினர் எனவும், அவர் நகைமுகத்தோடு உயிர்விட்டனர் எனவும் ஜோசிபஸ் கூறுவர்.

அவர் நூல்களுள் ஓய்வுநாள் வேள்விப் பாட்டுக்கள் எனப் பதின்மூன்று உள. காலாண்டின் பதின்மூன்று ஓய்வுநாட்கும் ஒவ்வொன்று. வானத்துள்ள கோயிலில் வானவர் குருமாராய் நின்று ஆற்றும் வழிபாட்டை அவை விரிக்கின்றன. மண்ணிற் கோயிலை இழந்தார் அப்பாட்டின் வழியே அவ்வழிபாட்டிற் கலந்தனர். அப்பாட்டுக்களுட் சில வரிகள் கொண்ட துணுக்கு ஒன்று, 1963 முதல் 1965 வரை நிகழ்ந்த அகழ்வில், கும்ரானுக்குத் தெற்கே நெடுந்தொலைவில் உள்ள மசாடா என்னும் மலைக்கோட்டையிலும் கிடைத்தது. உரோமர்க்கு எதிர்நின்றார் இறுதியாகப் புகுந்த அரண் அது. எரிந்த இருப்பிடத்தினின்று தப்பியவர் ஒருவர் அதனைக் கையிற் கொண்டு அங்குச் சென்றிருத்தல் கூடும்.